கண்ணாடி வைத்த சுவர்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கண்ணாடித் துண்டு. இரண்டு முனையிலும் பெருவிரல் அளவுக்கு வெள்ளைச் சிமெண்டு. நான் வேலை பார்த்த விடுதியில், மாடிப்படிச் சுவரில் கோணலாக இறங்கிய ஒரு வெடிப்பின் குறுக்கே மேடம் அதை ஒட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்ததும் கண்ணாடியின் ஓரத்தில் மார்க்கரால் தேதியை எழுதினார். இது எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “சுவர் நகருதா, நின்னுருச்சான்னு நம்ம கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி. நகந்துச்சுன்னா இது தாங்காது, உடைஞ்சிரும். உடையலன்னா வெடிப்பு பழசு, பயப்பட வேண்டாம்.”

குற்றாலத்துக்குப் போகிற சாலையில் அந்த விடுதி இருந்தது. ஒரு காலத்தில் யாரோ சாரலுக்கு வந்து தங்கக் கட்டிய ஓட்டு பங்களா. பிறகு அறைகளாகத் தடுத்து முதலாளி விடுதியாக நடத்தினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், மீசை முளைக்கும் முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். குழாய் பார்ப்பது, மோட்டார் போடுவது, சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை திறந்துவிடுவது எல்லாம் நான்தான். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் என் வீடு. கல்யாணம் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று யாரும் கேட்காத வயதும் வந்துவிட்டது. புதிய மனிதர்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அறைச் சாவியைக்கூடக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன்.

மேடத்துக்குச் சொந்த ஊர் சுரண்டை. பல வருடங்கள் ஒரு காண்ட்ராக்டரிடம் என்ஜினியராக இருந்து புது வீடுகள் கட்டியவர். கணவர் இறந்த பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில், சென்னையில் மேல்படிப்புக்குச் சேர்ந்திருந்தார். கட்டி முடித்துக் காலம் பல கடந்த கட்டடங்களைப் பார்த்து, எங்கே கோளாறு, எதனால் வந்தது, இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்கிற படிப்பு. அதற்குக் கடைசியில் ஓர் ஆய்வு எழுத வேண்டும். சாரல் அடிக்கிற ஊரில் பழைய சுவர்கள் என்ன ஆகின்றன என்பதை எழுத எங்கள் விடுதியைக் கேட்டு வந்தார். முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை.

“வீடு கட்டதுக்குப் படிப்பாங்க, சரி. கட்டுன வீட்டப் பாக்கதுக்கும் ஒரு படிப்பாம்மா? நானும் முப்பது வருசமா பாக்கேன். எவனும் எனக்கு ஒரு பட்டம் தரலியே.”

“நீங்க உள்ள இருந்துல்லா பாத்திய அண்ணாச்சி. நான் வெளிய இருந்து பாக்கேன்” என்றார் மேடம். முதலாளி சிரித்துவிட்டார். அவருக்கும் ஒரு தேவை இருந்தது. அந்த இடத்தை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். சுவர் நின்றுவிட்டதென்றால் பழுது பார்த்து நடத்துவது, நகர்கிறதென்றால் இடித்து இடத்தைக் கொடுத்துவிடுவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார்.

மேடத்துக்கு முதலாளியும் அண்ணாச்சி, டீக்கடைக்காரரும் அண்ணாச்சி, நானும் அண்ணாச்சி. எங்கள் பக்கத்தில் அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். ஆனாலும் அவர் என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு கதவை மெதுவாகச் சாத்துவது போல எனக்குத் தோன்றும்.

வந்த அன்று அவர் விடுதிக்குள் நுழையவே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மழை வந்தால் நாங்கள் உள்ளே ஓடுவோம். அவர் வெளியே ஓடுவார். ஓட்டிலிருந்து வடியும் தண்ணீர் விளிம்புத் தகரத்தில் விழுந்து எந்த மூலையில் வழிகிறது, எந்தச் சுவரோடு இறங்குகிறது என்பதை மழையில்தான் பார்க்க முடியும் என்பார். உள்ளே வந்தால் டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடிப்பார். நேராக அடித்தால் தட்டையாகத் தெரிகிற சுவர், சாய்ந்த வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாக எழும்பி நிற்கும். விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பூச்சு விட்டுப்போன இடம் காலிக் குடம் போலச் சத்தம் கொடுக்கும். இரண்டு ஊசி வைத்த ஒரு சின்னக் கருவி இருந்தது. ஈரமான சுவரில் குத்தினால் கீச்சென்று கத்தும். ஓர் அறையில், கட்டிலுக்கு மேலே தலை உயரத்தில் வட்டமாகக் கறை இருந்தது. அங்கே குத்தினார், கத்தவில்லை. மறுபடியும் குத்தினார். “எண்ணெய் தேச்சிட்டு வந்து சாயுவாங்க மேடம்” என்று நான் முணுமுணுத்தேன். அவர் கறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “எந்தப் புஸ்தகத்துலயும் இந்த ஊருத் தலைய எழுதல அண்ணாச்சி” என்று சிரித்தார்.

அளவெடுக்கும்போது டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும். “நல்லா இழுத்துப் பிடிங்க, தொய்யக் கூடாது” என்பார். இழுத்துப் பிடித்த டேப்பில் மறுபக்கத்துக் கை அசைவது இந்தப் பக்கத்துக் கைக்குத் தெரியும். எழுதுவதற்காக அவர் ஒரு கையை எடுப்பதும், கால் மாற்றி நிற்பதும், இருமுவதும் எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நின்று, முகம் தெரியாதபோதும் தெரியும். என் வாழ்க்கையில் இன்னொருவரோடு அவ்வளவு நேரம் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு நான் நின்றதில்லை.

விடுதியைக் கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. “ஏ தம்பி, தெனமும் சேவ் பண்ணுத போல? சீசன் நேரத்துல முதலாளி கத்தினாலும் பண்ண மாட்டியே” என்பார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

சாரல் ஓய்ந்ததும் மேடம் சென்னைக்குத் திரும்பினார். எழுத்து வேலை கிடந்தது. வாரம் ஒரு தடவை கண்ணாடியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். “உடைஞ்சிட்டுன்னா உடனே சொல்லுங்க, நான் வந்துருதேன். உடையலன்னா இங்கன எனக்கு வேலை முடிஞ்சுது” என்றார். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் நான் பார்க்கிற முதல் பொருள் அந்தக் கண்ணாடிதான். உடையக் கூடாது என்று நினைப்பேன். உடைந்தால் எனக்கு வீடில்லை, வேலையில்லை. பல் தேய்த்து முடிப்பதற்குள் உடைந்தால் என்ன என்று நினைப்பேன்; உடையாவிட்டால் அவர் வர மாட்டார். ஒரே கண்ணாடியிடம் இரண்டையும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அருவியில் குளிக்க விடவில்லை, விடுதி காலியாகக் கிடந்தது. வீரகேரளம்புதூரில் சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போய்விட்டு வந்தேன். படம் அனுப்ப வேண்டிய நாள் வந்ததும் எடுத்து அனுப்பினேன். கண்ணாடி முழுதாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“அண்ணாச்சி, இது நான் வெச்ச கண்ணாடி இல்லியே.”

“அதே இடத்துலதான் மேடம் இருக்கு.”

“இடம் அதான். தேதி எங்க? சிமெண்டுல யாரோட வெரல் ரேகையோ வேற கெடக்கு. யாரு மாத்துனா?”

அக்காவைக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். “ஆமா, நாந்தான் மாத்துனேன். நீ துட்டிக்குப் போன அன்னைக்கு ரெண்டா வெடிச்சிக் கெடந்துச்சு. உடைஞ்ச கண்ணாடிய உள்ள வெச்சிருந்தா மூதேவில்லா வந்து உக்காருவா? அதுவும் வெளக்கு ஏத்துத மாசத்துல! சாமி படத்துக்குச் சட்டம் போடுத கடையில அளவு சொல்லி ஒண்ணு வெட்டி வாங்கியாந்தேன். மேடம் விட்டுட்டுப் போன சிமெண்டு மிச்சம் இருந்துச்சு. அவங்க ஒட்டுனதவிட நான் நல்லா ஒட்டியிருக்கேன், பாரு.”

எங்கள் பக்கத்தில் உடைந்த கண்ணாடியை ஒரு பொழுதுகூட வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். உடைகிறதா என்று பார்ப்பதற்காகவே ஒருவர் சுவரில் கண்ணாடி ஒட்டுவார் என்பதை அக்காவால் எப்படி நம்ப முடியும்? அவர் சொன்னதை அப்படியே போனில் சொன்னேன். மேடம் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். “எங்க புரொபசர்கிட்ட இத எந்த வாயால சொல்லுவேன்” என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்போ உடைஞ்சிருக்கு.”

“ஆமா மேடம்.”

“நான் வாரேன்.”

அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன். என் வீடு போகப்போகிற செய்தியும் அதே இரண்டு சொல்லுக்குள்தான் இருந்தது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

வந்தவர் வழக்கம்போல வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அக்கா ஒட்டிய கண்ணாடியிலும் முடி போல ஒரு கீறல் விழுந்திருந்தது. “அது கடையில வெட்டும்போதே இருந்துச்சு மேடம்” என்றார் அக்கா. மேடம் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சுவரு நின்னுட்டுன்னு எழுதிருங்க தாயி. இவன் எங்க போவான்? இவனுக்கு இந்தப் படிக்கட்ட விட்டா நாதி ஏது?”

மேடம் படிக்கட்டில் உட்கார்ந்தார். நிறைய நேரம் வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடப் படிப்பு அவருக்கு அந்தச் சுவரில் இருந்தது. பொய்யாக எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நல்ல மழையில் படிக்கட்டு எங்கள் தலைமேல் இறங்கினால்தான் தெரியும். என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க.”

“உடைஞ்சதுதான மேடம்” என்றேன்.

“இடிச்சிட்டா எங்க போவிய?”

அண்ணாச்சி என்று அவர் சேர்க்கவில்லை. மறந்திருக்கலாம். நீங்க எங்க போகச் சொல்லுதிய என்று நான் கேட்டிருக்கலாம். வெளியே தகரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “பாத்துக்கிடலாம் மேடம்” என்றேன். அவர் சிறிது காத்திருந்தார் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. பிறகு எழுந்து, பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

அவர் உள்ளதையே எழுதினார். படிப்பில் நல்லபடியாகத் தேறினார். பங்குனியில் விடுதியை இடித்தார்கள். மேடத்துக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அங்கே பழைய வீட்டை வாங்குகிற யாரும் இவரைப் போன்ற ஒருவர் வந்து பார்த்துச் சொல்லாமல் வாங்க மாட்டார்களாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் ஒரு வாழ்த்து வரும். நான் பதிலுக்குக் கும்பிடுகிற கைப்படம் ஒன்றை அனுப்புவேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

இப்போது குத்துக்கல்வலசையில் ஒரு குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சென்ற ஆனியில் தன் தம்பி வீட்டுக்கு வந்திருந்த மேடம், சுரண்டையிலிருந்து தென்காசி ரயிலுக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டுப் போவதாகப் போன் செய்தார். நான் பதறிப்போனேன். என் அறையில் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. ஊரெல்லாம் சுவர் பார்க்கிறவர் வந்து முதலில் அதைத்தான் பார்ப்பார். சுண்ணாம்பு வாங்கிவந்து அவசர அவசரமாக அடித்தேன். சாரல் காற்றில் அது எங்கே காயப்போகிறது?

ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தார். தலையில் நரை விழுந்திருந்தது. “நல்லா இருக்கியளா அண்ணாச்சி?” என்றபடி நேராக உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். டீ வாங்கி வைத்திருந்தேன். தூக்கம் வருகிறதா, சாப்பாடு யார் செய்கிறார்கள், அக்கா எங்கே இருக்கிறார் என்று கேட்டார். மகள் வீட்டோடு போய்விட்டார் என்றேன். அண்ணாந்து கூரையைப் பார்க்கவில்லை, மூலையைப் பார்க்கவில்லை, எதையும் தட்டவில்லை. என்னையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், களைத்தவர் போலப் பின்னால் சாய்ந்து, தோளைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மழை பெய்துகொண்டிருந்தது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததும் எழுந்தார். கருநீலச் சேலையில் தோள் முழுவதும் வெள்ளையாகச் சுண்ணாம்பு. கையை நீட்டினால் தட்டிவிடலாம். மேடம், தோள்ல சுண்ணாம்பு என்று சொன்னாலும் போதும். கை எழும்பவில்லை, வாயும் எழும்பவில்லை. “வாரேன் அண்ணாச்சி” என்று சொல்லி, அந்த வெள்ளைத் தோளோடு ஏறிப் போய்விட்டார். ரயிலில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

உள்ளே வந்து பார்த்தேன். அவர் சாய்ந்திருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, ஈரச் சுவர் தெரிந்தது. இந்த வருடமும் சாரல் வந்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “ஏன்யா, அந்த எடத்துக்கு மட்டும் ஒரு கை அடிச்சிரலாம்லா, அசிங்கமா கெடக்கே” என்கிறார். அடிக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, இன்றுவரை அடிக்காமல் இருக்கிறேன்.