மூலை நான்கிலும் மஞ்சள்

நகராட்சியில் வீட்டு வரைபடங்களைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. நேற்று வந்த ஒரு வரைபடத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அப்படிச் செய்வது வழக்கம்தான், வாரத்துக்கு இரண்டு வந்துவிடும். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரர் "அளவு ஏதும் தப்பா?" என்று கேட்டார். அளவெல்லாம் சரிதான். மஞ்சள் வாசனையும் காகித வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு வேலை ஓடாது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

அப்போது சங்கரன்கோவிலில் ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். ஹைஸ்கூலில் மூன்றாவது வருஷம், அதுதான் கடைசி. வகுப்பில் பெண்கள் மூன்று பேர். மற்ற இருவருக்கும் இதோடு படிப்பு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அழுது முடித்துவிட்டு அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் எதுவும் முடிவாகவில்லை.

தை மாதம் பனவடலிசத்திரத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். பத்திரங்களைப் பதிவு செய்யும் ஆபீசில் அப்பா குமாஸ்தா, அங்கே அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அத்தை முன்னால் அவர் இன்னும் சின்னப் பையன்தான்.

"தம்பி, பிள்ளைய காலேசுக்கு அனுப்பி அது என்ன கலெக்டர் வேலையா பாக்கப்போகுது?"

"அதுக்குக் கணக்கு நல்லா வருதுக்கா."

"நல்லதாப் போச்சு. எங்க வீட்லயும் பருத்தி நிறுக்கதுக்கு ஆளு வேணும்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அத்தை மகனுக்கு என்னைக் கேட்டுத்தான் அவள் வந்திருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் நல்ல மனிதர்தான். என்னைக் கண்டால் அவருக்கும் பயம். கிளம்பும்போது அத்தை முடிவாகச் சொன்னாள்: "ஆனி முடியதுக்குள்ள காலேசுக்காரங்க கூப்பிட்டா நான் வாயத் திறக்கமாட்டேன். கூப்பிடலன்னா ஆவணியில முகூர்த்தம். என்ன, சரிதானா?"

அப்பா "சரிக்கா" என்றார். ஒரே சொல். நான் கையிலிருந்த காம்பஸை மூடி ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்தேன்.

எனக்கு எதையும் பட்டியல் போடும் பழக்கம் அப்போதே உண்டு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பயப்பட வேண்டியவை என்று தலைப்பிட்டு எழுதினேன். சரித்திரப் பரீட்சை. இங்கிலீஷில் நேர்முகம். ரயிலில் விருதுநகர் போய் வண்டி மாறுவது. விடுதிச் சாப்பாடு. முதல் குரூப், அதாவது கணிதம், கிடைக்காமல் போவது. எழுதினால் பயம் குறையும் என்று நம்பினேன். எத்தனை என்று தெரிந்ததுதான் மிச்சம். அடுத்த வாரம் மூன்று கூடியிருந்தது.

நான் சேர விரும்பிய பெண்கள் கல்லூரியில் இடம் குறைவு என்பதால் விண்ணப்பத்தைப் பரீட்சைக்கு முன்பே கேட்டார்கள். தபால்தலை ஒட்டிய உறையை அனுப்பி, பத்து நாள் காத்திருந்து வாங்கிய படிவம் அது. அடித்தல், திருத்தல், கறை இருந்தால் ஏற்கப்படாது என்று அதன் தலையிலேயே இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட்டு, பழைய காகிதத்தில் மூன்று முறை எழுதிப் பழகி, நான்காவது முறை படிவத்தில் எழுதினேன். மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினேன் என்று நினைக்கிறேன். ஒரு பிசிறு இல்லை. அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அலமாரியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் வந்தபோது அலமாரியில் இல்லை. அம்மா பூத்தட்டோடு கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். தட்டில் படிவம் இருந்தது.

"அம்மன் காலடியில வச்சு எடுத்துட்டு வாரேன். இனி ஒரு கொறையும் வராது பாரு."

நான்கு மூலையிலும் ஈர மஞ்சள். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவாளே, அதே மாதிரி, தாராளமாக. வலது பக்கக் கீழ் மூலையில் பாடத்தை எழுதும் கட்டம் இருந்தது. கணிதம் என்று நான் இங்கிலீஷில் எழுதிய சொல் மஞ்சளுக்குள் ஊதாவாகக் கரைந்து கிடந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தைத்தான் படித்தாள்.

"ஏட்டி, என்ன ஆச்சு? தப்பாப் பண்ணிட்டனா?"

வேறு படிவம் கேட்டு எழுத நாள் இல்லை. கண்ணுக்கு முன்னால் பருத்தித் தராசுதான் தெரிந்தது.

அப்பா ஆபீசிலிருந்து வந்தார். படிவத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பேனாவை எடுத்து, படிவத்தின் அடியில் தமிழில் எழுத ஆரம்பித்தார். கிரயப் பத்திரங்களில் எங்கே அடித்தல், எங்கே திருத்தல் என்று கடைசியில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதே வாசகம், அதே கையெழுத்து:

"மேற்படி விண்ணப்பத்தில் மூலை நான்கிலும் மஞ்சள் கறை. வலது கீழ் மூலையில் கறைபட்ட சொல் கணிதம். மற்றபடி அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை."

"அப்பா, இது பத்திரம் இல்ல. காலேசு."

"எல்லாம் காயிதம்தான். மறைச்சாத்தான் தப்பு, சொல்லிட்டாச் செல்லும்" என்றார். ஆனால் எழுதியதை மூன்று முறை படித்துப் பார்த்தார். என் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பங்குனி, சித்திரை, வைகாசி. பரீட்சை எழுதினேன், தேறினேன். கடிதம் இல்லை. தபால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்துவிடுவேன். அம்மா அந்த மூன்று மாதமும் என் புத்தகம் எதையும் தொடவில்லை. அலமாரியைத் துடைக்கவேண்டும் என்றால்கூட "நீயே துடைச்சிரு" என்பாள். அத்தை ஆள் அனுப்பிக் கேட்டாள்: கல்யாணப் புடவைக்கு எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று.

ஆனி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கல்லூரி வராந்தாவில் அப்பா நிற்க, நான் மட்டும் உள்ளே போனேன். கண்ணாடி போட்ட பிரின்சிபால் அம்மா என் விண்ணப்பத்தை எடுத்தார்கள். மஞ்சள் பழுப்பாகியிருந்தது. ஆயத்தம் செய்து போன இங்கிலீஷ் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "கீழே எழுதியிருப்பதைப் படி" என்றார்கள். படித்தேன். அறையில் இருந்த மற்ற இரண்டு ஆசிரியைகளும் தலை குனிந்துகொண்டார்கள். சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. தரையில் எத்தனை கல் பதித்திருக்கிறது என்று எண்ணினேன்.

பிரின்சிபால் சிரிக்கவில்லை. பேனாவை நீட்டி, "அந்தச் சொல்லை இன்னொரு முறை எழுது" என்றார்கள். எழுதினேன். கடைசி எழுத்தில் மசி கொட்டிவிட்டது. அவர்கள் படிவத்தை வாங்கி, அப்பாவின் வரிகளுக்குக் கீழே தமிழில் தாங்களே எழுதினார்கள்: "திருத்தல் ஒன்று." கையெழுத்தும் போட்டார்கள்.

முதல் குரூப் கிடைத்தது. அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவள் மகனுக்குத் திருவேங்கடத்தில் பெண் எடுத்தார்கள்.

இன்று அந்தப் படிவம் இல்லை. பழைய கட்டுகளை எரித்துவிட்டதாகக் கல்லூரியில் சொன்னார்கள். அப்பாவும் இல்லை. அவர் போன மறு வருஷம் இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். எழுதி முடித்து, நானாகவே அம்மாவிடம் நீட்டி, "கோவில்ல வச்சு மஞ்சள் தடவிக் குடு" என்றேன்.

அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் ஏட்டி. கறை பட்டா எழுதிக் குடுக்க அவுக இல்லைல்லா" என்றாள்.

அந்த விண்ணப்பம் நான்கு மூலையும் வெள்ளையாகவே போனது.