பூட்டிய கதவுக்கு முன்னால் ஜெபித்தோம்

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் மகனைப் புதைத்ததை முதலில் சொல்லவேண்டும். கோபத்தை ஒளித்துவைத்துச் சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது.

என் பெயர் றெஜினா. கிளிநொச்சிக்குப் பக்கத்தில், முரசுமோட்டையில் வாய்க்கால் கரையோரம் எங்கள் வீடு. நானும் கணவர் அருளும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். 2003ஆம் ஆண்டு காலபோக அறுவடை நேரம் எனக்கு நிறைமாதம். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வசதியில்லை. மத்தியானம் கதிர் கட்டிக்கொண்டு நின்றபோது வலி தொடங்கியது.

அருள் ஊர் கிளினிக்குக்கு ஓடினார். பூட்டிக் கிடந்தது. சண்டைக்காலத்தில் போன, பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதுக்குப் பதிலாக ஒருவரையும் அனுப்பவில்லை. சண்டை நின்று, கண்டிப் பாதை திறந்து எவ்வளவு காலம்! அந்தப் பாதையால் குளிர்பானம் வந்தது. புது மோட்டார் சைக்கிள்கள் வந்தன. எங்களைப் பார்த்து இரங்க வெளிநாட்டுக்காரரும் வந்தார்கள். ஒரு மருத்துவமாது மட்டும் வரவில்லை.

வயல்காரர் எங்கள் சபையின் மூப்பர். அவருடைய உழவு மெசின், பெட்டி பூட்டிய டிரக்டர், வயலில்தான் நின்றது.

"ஐயா, றெஜினாவைக் கிளிநொச்சிக்கு ஏத்திக்கொண்டு போகவேணும்" என்று அருள் கெஞ்சினார்.

"இந்த நெல்லை இறக்கிப்போட்டு உடன அனுப்புறன்" என்றார் மூப்பர்.

நெல் போனது. மெசின் திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்தபோது பிள்ளைக்கு உயிரில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார்.

அடக்கத்துக்கு மூப்பர் வந்தார். "கர்த்தருடைய சித்தம், பிள்ளை. மனசைத் தேத்திக்கொள்" என்றார். அந்தக் கிழமைக் கூலியில், வலியோடு நான் வயலை விட்டுப் போன அரை நாளைக் கழித்திருந்தார்.

பால் கட்டி மார்பு நொந்தது. ஜெபிக்க வாய் வரவில்லை. கடைசியில் கிணற்றடியில் நின்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். இது உம்முடைய சித்தமென்றால் இனி உம்மோடு எனக்குக் கதையில்லை. இல்லையென்றால் எழும்பி வாரும் என்றேன். என்னுடைய ஜெபம் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"என்ர பிள்ளை செத்தது ஆண்டவரின்ர சித்தமெண்டு இனி ஒருத்தரும் சொல்லாதேங்கோ. கிளினிக்கைப் பூட்டி வைச்சது அவரில்லை. என்னை விட்டிட்டு நெல்லை ஏத்தினதும் அவரில்லை."

போதகர் தலையைக் குனிந்தார். அப்போது மூப்பரின் மனைவி செல்வராணி அம்மா எழுந்தார். "றெஜினா சொன்னதில பிழையில்லை. நாளைக்கு அந்தக் கிளினிக் வாசல்ல போயிருந்து ஜெபிப்பம்" என்றார்.

போனோம். பூட்டிய கதவுக்கு முன்னால் பாய் விரித்து, ஒவ்வொரு நாளும் காலையில் ஜெபித்தோம். பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்காவும் வந்தார். அவருடைய மகள் சுமதிக்கு அப்போதுதான் பிள்ளை உண்டாகியிருந்தது. "நீங்கள் உங்கட ஆண்டவரிட்டக் கேளுங்கோ, நான் பிள்ளையாரிட்டக் கேக்கிறன். கதவு திறந்தாச் சரி" என்றார்.

சிறுபோகக் களை எடுப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணியின் கூலியைக் கழிக்கமாட்டேன் என்று மூப்பர் சொன்னால்தான் வயலில் இறங்குவோம் என்று பெண்கள் வரம்பில் நின்றோம். அவர் சம்மதித்த பிறகுதான் இறங்கினோம். சபைக்குள் அரசியல் கொண்டுவருகிறாள் என்று என்னை ஏசினார்கள். பசித்தவளுக்காகப் பேசுவது அரசியலென்றால், பேசாமல் இருப்பதற்கு என்ன பெயர்?

கடைசியில் சுகாதார அதிகாரி ஒருவர் வந்தார்.

"ஜெபிக்கிறதெண்டால் சேர்ச்சுக்குப் போங்கோ" என்றார்.

"அங்க ஜெபிச்சுப்போட்டுத்தான் இங்க வந்தனாங்கள், ஐயா" என்றேன்.

"வன்னிக்கு வர ஆக்கள் விரும்பீனமில்லை. நான் என்ன செய்யிறது?"

செல்வராணி அம்மா விடவில்லை. "வாற மருத்துவமாதுக்கு எங்கட வீட்டில அறை இருக்கு. சாப்பாடும் நான் குடுப்பன். வேற என்ன சாட்டு வைச்சிருக்கிறீங்கள்?"

அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.

மாரி மழைக்கு முன் மருத்துவமாது வந்து சேர்ந்தார். இளம் பெண். அவர் வந்த கொஞ்ச நாளில் சுமதிக்குக் கால் வீங்கித் தலையிடித்தது. மருத்துவமாது பிரஷர் பார்த்தவுடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். மெசினை ஓட்டிக்கொண்டு போனவர் மூப்பர்தான். சுமதியும் பிழைத்தாள், அவளுடைய மகளும் பிழைத்தாள். அந்தக் குழந்தையை என் மடியில் வைத்தபோதுதான், மகனைப் புதைத்த பிறகு முதல்முறையாக, ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அவர் எழும்பி வந்திருந்தார்.

மூப்பரை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். கர்ப்பிணிகளின் கூலியை அவர் இப்போது கழிப்பதில்லை. ஆனால் அதே வெயிலில் அதே வேலை செய்யும் பெண்ணுக்கு ஆணை விடக் குறைத்துத்தான் இன்றும் கொடுக்கிறார். அது முடியட்டும், பிறகு கதைப்போம்.

நான் முன்பு ஜெபித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள். இப்போது ஜெபித்துவிட்டு எழும்பிப் போய்க் கேட்கிறேன். நம்புங்கள் சகோதரிகளே, அப்படிக் கேட்கிறவர்களோடு ஆண்டவர் கூடவே வருகிறார்.

வருகிற அறுவடைக்கு முன், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டுமென்று மூப்பர் வீட்டு முற்றத்தில் ஜெபக்கூட்டம் வைக்கிறோம். செல்வராணி அம்மா இடம் கொடுத்திருக்கிறார். நீங்களும் வந்து எங்கள் பக்கத்தில் இருங்கள்.