முயல் தொடாத பூ

அவள் அதை விழுங்கினாளா, இல்லையா? இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். காலையில் வாசல்படியில் உட்கார்ந்து நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பூப்பாத்தி ஓரத்தில் இருந்தவள் எதையோ மென்றுகொண்டிருப்பது தெரிந்தது. முகத்தில் அவ்வளவு திருப்தி. ஓடிப்போய் வாய்க்குள் விரலை விட்டேன். பாதி முயல் புழுக்கை வந்தது. வைக்கோல் தூள் மாதிரி உதிர்ந்து, எச்சிலில் குழைந்து, என் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. மீதி எங்கே? நாக்குக்கு அடியில், கன்னத்துக்குள், மேலண்ணத்தில் எல்லாம் தேடினேன். அவள் ஓங்கரித்து வாந்தியெடுத்தாள். அந்த வாந்தியையும் ஈர்க்குச்சியால் கிளறிப் பார்த்தேன். பாலும் இட்லியும்தான் இருந்தன.

எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் தூத்துக்குடி புதுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், காலனியின் கடைசி வரிசையில் இருக்கிறது. பின்னால் கம்பிவேலி, அதற்கப்பால் மணலும் உடைமரங்களும். நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. வயலை எலியும் நண்டும் அழிக்கும் என்று தெரியும். முயலைப் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தேன்: வெள்ளையாக, பஞ்சு மாதிரி. இங்கே வருவது வேறு. மண் நிறம், நீண்ட கால்கள், எலும்பும் தோலுமான உடம்பு. காது மடலில் உண்ணிகள் கொத்தாகத் தொங்குகின்றன. காதை உதறும்போது அவை என் வாசலில்தானே விழும் என்று நினைத்தாலே உடம்பு அரிக்கிறது.

பாத்தி என் கணவர் கட்டியது. அவருக்குத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. காலனி மணலில் ஒன்றும் வேர்விடாது என்று, ஊரிலிருந்து ஆற்று வண்டலைச் சாக்குகளில் கட்டி, தெரிந்த லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கனகாம்பரமும் கேந்தியும் வைத்தோம். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் பச்சை இல்லாதபோது முயல்கள் வேறெங்கே போகும்? விடியும் நேரத்திலும் பொழுது சாயும்போதும் வந்தன. தளிரைத் தின்றன. தின்ற இடத்திலேயே புழுக்கை போட்டுவிட்டுப் போயின.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் சிரித்தார். "புழுக்கை தின்னாத புள்ள ஊர்ல உண்டாம்மா?" என்று பூச்சி மருந்து எழுதிக்கொடுத்தார். நான் பி.யூ.சி.யில் விலங்கியல் படித்தவள். உருளைப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து, முட்டைக்கு மஞ்சள் வண்ணம் தீட்டிப் பாராட்டு வாங்கியவள். அதனால் டாக்டரின் சிரிப்பு என் பயத்தைப் போக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் குழந்தையின் மலத்தைக் கிளறிப் பார்ப்பது என் வேலையாயிற்று. பார்த்துவிட்டுக் கை கழுவி, அதே கையால் சோறு பிசைவேன். எனக்குச் சோறு இறங்காது.

பாத்தியை எடுத்துவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன்.

"அங்கன இருந்து மண்ணச் சொமந்துட்டு வந்தது முயலுக்குப் பயந்து அள்ளிப் போடவா?" என்றார்.

குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும் முடியாது. கூரை ஆஸ்பெஸ்டாஸ். வாசலில் மட்டும்தான் கொஞ்சம் நிழல் விழும்.

முதலில் பாத்தியைச் சுற்றி உடைமுள் வெட்டிப் போட்டோம். முயல் அதைத் தாண்டிக் குதித்தது. குழந்தையின் உள்ளங்கையில்தான் முள் ஏறியது. அடுத்த யோசனையைச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. உடன்குடிப் பக்கம் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர், வாய் ஓயாது, மனசு நல்ல மனசு.

"ஏளா, முயலுக்கு மூக்குதான் எல்லாம். நாத்தத்த வச்சு அடிச்சிரணும். சங்குத் தண்ணிய ஊத்திப் பாரு, ஊரவிட்டே ஓடிரும்."

கடலில் எடுக்கும் சங்கைக் கொட்டகையில் குவித்து, உள்ளே இருக்கும் சதை அழுகும்வரை போட்டுவைப்பார்கள். பிறகு கடல் தண்ணீரில் அலசி ஓட்டை மட்டும் எடுப்பார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் தூத்துக்குடியில் பஸ்ஸில் போகிறவர்கள்கூட மூக்கைப் பொத்துவார்கள். அப்படி அலசிய தண்ணீரை ஒரு டின் நிறைய வாங்கி, சாக்கால் வாயைக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்தார் என் கணவர்.

சாக்கை அவிழ்த்ததும் நான் உள்ளே ஓடிவிட்டேன். கறுத்த தண்ணீர், மேலே சளி மாதிரி நுரை, அதில் கொழகொழவென்று சதைத் துணுக்குகள், துணுக்கெல்லாம் வெள்ளைப் புழு. அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றினார். எதிர் வரிசையிலிருந்து ஒருவர் சன்னலைச் சாத்துமுன் சத்தம் போட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, வீட்ல யாரையும் பொதைக்கியளா?"

ஈ வந்தது. காலனியில் உள்ள ஈ முழுக்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. பால் புட்டியின் ரப்பரில் மொய்த்தது, தூங்குகிற குழந்தையின் வாயோரத்தில் மொய்த்தது. நான் விசிறியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் சன்னல் வழியாகப் பார்த்தால், அந்த அசிங்கத்தில் காலை ஊன்றி நின்றுகொண்டு முயல் கனகாம்பரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அது மிச்சம் வைத்ததும் பிழைக்கவில்லை. இலைகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கின. ஊற்றியது கடல் தண்ணீர் அல்லவா? வயலில் உப்பு ஏறினால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு வீட்டிலும் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாற்றத்தைப் பற்றியே பேசிப் பேசி, உப்பு எங்கள் இருவர் நினைவுக்கும் வரவில்லை. மேல்மண்ணைச் சுரண்டி வேலிக்கப்பால் கொட்டிவிட்டு, அவர் மறுபடியும் ஊருக்குப் போய் வண்டல் கொண்டுவந்தார். மறுபடியும் நாற்று வைத்தார்.

இந்தத் தடவை அக்காவின் கணவர் கம்பிவேலி இடுக்கில் சுருக்குக் கண்ணி வைத்தார். ஒரு முயல் மாட்டியது. கறியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், எனக்கு அதில் ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் பாத்தி சுத்தமாக இருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு மத்தியானம் அக்கா கையில் ஒரு குப்பியோடு வந்தார்.

"திருச்செந்தூர்ல மொட்ட போட்டு எம்புட்டு நாளாவுது, உம் புள்ளைக்கு முடியே ஏறலியே. முயல் ரத்தத்தத் தேங்காண்ணெயில காச்சிருக்கேன். தேச்சுப் பாரு, எப்படி வளருதுன்னு."

குப்பியில் செம்மண் கரைத்த மாதிரி எண்ணெய். அடியில் கறுப்பாகக் கட்டிகள். மூடியைத் திறந்ததும் துருவும் தீய்ந்த பாலும் கலந்தாற்போல ஒரு வாடை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா குழந்தையை மடியில் போட்டு, உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் வைத்துவிட்டார். காதோரம் ஒரு சொட்டு வழிந்தது. குழந்தை அதைத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அவளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"வேண்டாங்க்கா."

"ஏன், வெசமா கொண்டாந்திருக்கேன்?"

"இல்லக்கா, வாயில வைப்பா..."

"சங்குப் புழுவ வாசல்ல ஊத்தும்போது வராத அருவருப்பு இப்பத்தான் வருதோ?" குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "படிச்ச புள்ளன்னா இப்படித்தான்."

குழந்தையின் தலையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். வாடை போன பிறகும் போகாத மாதிரியே இருந்தது. கண்ணில் சீயக்காய் விழுந்து அவள் வீறிட்டாள். மாலையில் என் கணவர் வந்து கேட்டுவிட்டு, "அவிய தேச்சுட்டுப் போனப்புறம் கழுவியிருக்கலாம்லா? நாளைக்கு அவிய மூஞ்சில எப்படி முழிக்க?" என்றார். அவர் சொன்னதும் சரிதான் என்று தோன்றியது. அந்த ஒரு சொட்டு வாய்க்குள் போயிருந்தால் என்றும் தோன்றியது.

மறுநாள் கண்ணி வேலியில் இல்லை. அக்கா இப்போது என்னைப் பார்த்தால் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறார். முயல்கள் திரும்ப வந்துவிட்டன. குட்டிகளோடு வருகின்றன. மகள் நடக்கப் பழகிவிட்டாள். கதவு திறந்தால் நேராகப் பாத்திக்குத்தான் போகிறாள். அவள் எழுவதற்குள் நான் துடைப்பமும் முறமுமாகப் புழுக்கை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். தளிருக்கு அடியில் ஒன்றிரண்டு தப்பிவிடுகின்றன.

போன வாரம் என் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார். "அரளி வச்சிருவோம். ஆடு மாடுகூட வாய் வைக்காது."

ஆடு மாடு அறிந்து ஒதுங்கும். என் மகள் எதைப் பார்த்தும் ஒதுங்குகிறவள் இல்லையே. அரளிப் பதியன்கள் ஈரச் சாக்கில் சுற்றி, பின்வாசலில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நடப்போகிறார்.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். முயல் வாய் வைக்காததாக, குழந்தை வாய் வைத்தாலும் ஒன்றும் ஆகாததாக ஏதாவது பூச்செடி உண்டா? உப்புக் காற்றைத் தாங்க வேண்டும். நாற்றம் பிடித்த வைத்தியம் எதையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பாத்தியே வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.