மூன்றாவது ஈயத் தகடு

அந்த எடை மேடை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பந்தயத் திடலின் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புத் தட்டு. கார்ட் என்று சொல்கிற அந்தச் சின்னப் பந்தய வண்டிக்குக் கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. தரையோடு தரையாக ஓடும். பந்தயம் முடிந்ததும் அதை அந்தத் தட்டில் ஏற்றி, ஓட்டியவளை ஹெல்மெட்டோடு அதிலேயே உட்காரவைத்து எடை பார்ப்பார்கள். வண்டியும் ஆளும் சேர்ந்து இத்தனை கிலோவுக்குக் குறையக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. நூறு கிராம் குறைந்தாலும் ஜெயித்தது செல்லாது. கூட இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அது உன் தலையெழுத்து, சுமந்துகொண்டு ஓட்டு என்று விட்டுவிடுவார்கள். பதினாலு வயதில் அந்தத் தட்டில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன், நான் ஆறு கிலோ கூட என்று.

என் தங்கச்சி ஏழு கிலோ குறைவு. தங்கச்சி என்றால் சித்தியின் மகள். எங்களுக்குள் நாலே மாத வித்தியாசம். அந்த நாலு மாதத்துக்காக இன்று வரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். நெம்மேலிப் பக்கம் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. என் அப்பாவுக்குக் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் ஷிப்ட் வேலை. சித்தப்பா தண்ணீர் லாரி ஓட்டினார். மாமல்லபுரம் போகிற வழியில், காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் கார்ட் ஓட்டலாம் என்று ஒரு திடல் இருந்தது. அங்கே தண்ணீர் இறக்கப் போகும்போது லீவு நாட்களில் எங்கள் இரண்டு பேரையும் முன் சீட்டில் ஏற்றிக்கொள்வார். காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் எல்லா வண்டியையும் நாலு சுற்று ஓட்டி என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டும். அதற்கு ஆள் வைத்து மாளாமல் திடல் ஓனர், 'ஓட்டுறீங்களாமா?' என்று எங்களைக் கேட்டார். பதினோரு வயது எங்களுக்கு. பிரேக் மிதியை எட்ட முதுகுக்குப் பின்னால் தலையணை வேண்டியிருந்தது. மூன்று வருடம் அப்படி ஓட்டினோம். சும்மா சொல்லக் கூடாது, ஊர்ப் பையன்கள் ஒருத்தன்கூட எங்கள் பக்கத்தில் வர முடியாது.

ஒருநாள் ஓனர், இந்த வருடம் தேசிய கார்ட்டிங் தொடரில் ஒரு வண்டி இறக்கப் போகிறேன், ஒரு வண்டிக்குத்தான் என்னால் முடியும், உங்களில் ஒருத்தி ஓட்டுங்கள் என்றார். நல்ல மனிதர். பாரபட்சம் பார்க்கிறவர் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே வண்டி, ஒரே டயர், பத்துப் பத்துச் சுற்று. கையில் ஸ்டாப்வாட்ச். அவள் என்னைவிட ஒரு சுற்றுக்கு அரை வினாடி வேகம். கேட்கிறவர்களுக்கு அரை வினாடி என்றால் சிரிப்பாக இருக்கும். பத்துச் சுற்றில் அது ஐந்து வினாடி. நான் வளைவை விட்டு வெளியே வரும்போது அவள் அடுத்த வளைவுக்குள் போயிருப்பாள். எடை மேடையில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு எடை போதாது என்பதற்காக சீட்டின் முதுகில் ஈயத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கினார்கள். எனக்கு என்ன கழற்றுவது? என் காலையா?

ஒன்றரை மாதம் பட்டினி கிடந்தேன். காலையில் அரை இட்லி, ராத்திரி மோர். பள்ளிக்கூடத்தில் தலை சுற்றி பெஞ்சிலேயே கவிழ்ந்தேன். 'இன்னாடி, மூஞ்சி இப்படி ஒட்டிப் போச்சு' என்று அம்மா என் மோரில் எனக்குத் தெரியாமல் சத்துமாவைக் கரைத்தாள். இரண்டு கிலோ குறைந்தேன், ஒரு அங்குலம் வளர்ந்தேன், இரண்டு கிலோவும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அதே ஒன்றரை மாதத்தில் எதிர்வீட்டில் அவள், எடை ஏறட்டும் என்று ஓனர் வாங்கிக் கொடுத்த பிரியாணியில் ஒரு பொட்டலம் தின்று, இரண்டாவதைப் பிரித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, அக்கா ஒரு வாய் சாப்பிடேன் என்பாள். கொழுப்பெடுத்துக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அக்கா கூட வந்தால்தான் நானும் ஓட்டுவேன் என்று ஓனரிடம் அடம்பிடித்து என்னை மெக்கானிக் ஆக்கினதும் அவள்தான். கையில் ஸ்பேனர் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த வேலை எனக்கு வந்தது. செயின் இழுவையைக் கையால் தொட்டே சொல்வேன், கார்புரேட்டரைக் காதால் கேட்டே திருப்புவேன். கோயம்புத்தூர், பெங்களூர் என்று இரண்டு வருடம் அவளோடு போனேன். அவள் ஜெயித்தால் போட்டோ எடுப்பார்கள். என்னையும் நிற்கச் சொல்வார்கள். பேப்பரில் வரும்போது என் தோள் மட்டும் இருக்கும். தெருவில் பேனர் வைத்தார்கள், அதில் என் அப்பா முகம்கூட இருந்தது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விடுவேன், அவள் ஓட்டிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாகத் தரையை அமுக்கும், இங்கே நான் பிரேக்கை இன்னும் லேட்டாகப் பிடித்திருப்பேன் என்று.

பதினாறு வயதில் அந்தக் கடைசிப் பந்தயம் வந்தது. அதில் அவள் முதலாவதாக வந்தால் தொடரே அவளுக்கு. தொடரை ஜெயிக்கிறவருக்கு ஒரு வருடம் ஜூனியர் ஃபார்முலா கார் இலவசம். உண்மையான பந்தயக் கார், ஒற்றை இருக்கை, இறக்கை வைத்தது. ஓனரோ, இனிமேல் என்னால் தாங்காதும்மா, இந்த வருடத்தோடு சரி என்று சொல்லிவிட்டார். ஆக, ஜெயித்தால் அவள் வேறு உலகத்துக்குப் போய்விடுவாள். தோற்றால் என்னோடு திரும்பி நெம்மேலிக்கு வருவாள், பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில். அந்த வாரம் முழுக்க இந்த இரண்டாவது படம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நினைக்க நினைக்க இனித்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் இனித்தது.

காலைப் பந்தயத்தில் சீட்டில் விரிசல் விட்டுவிட்டது. ஈயம் தாங்குகிற சீட்டுக்கு அது சகஜம். புது சீட் மாட்டி, பழையதில் இருந்த மூன்று தகடுகளையும் அதற்கு மாற்ற வேண்டும். தகடு ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோ; இரண்டு வருடத்தில் அவளும் கொஞ்சம் எடை போட்டிருந்ததால் மூன்றே போதும். ஓட்டை போட்டு இரண்டை மாட்டிவிட்டேன். அதற்குள் ஸ்டார்ட் கோட்டுக்கு வரச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள். சுற்றிலும் பரபரப்பு. மூன்றாவது தகடு கீழே அழுக்குத் துணிக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த நிமிஷம் நான் மறந்துதான் போனேன், சத்தியமாக. வண்டியைத் தள்ளிக்கொண்டு பத்தடி போனதும் ஞாபகம் வந்தது. நேரம் இருந்தது. பாக்கெட்டில் ஸ்பேனர் இருந்தது. திரும்பிப் போனேன். போய், அழுக்குத் துணியை இழுத்துத் தகட்டின் மேல் போட்டுவிட்டு வந்தேன்.

கோட்டில் அவள் உள்ளே உட்கார்ந்தாள். வழக்கம்போலக் கையைப் பின்னால் விட்டு சீட்டைத் தடவினாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, 'எல்லாம் சரியாக்கா?' என்று கேட்டாள்.

'சரி' என்றேன்.

இன்னொரு தடவையும் கேட்டாள். அதற்கும் சரி என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். இரண்டு பேருக்குமாக வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு லிட்டர் பாட்டில். அண்ணாந்து குடித்தாள், மூச்சு விட்டாள், மறுபடி குடித்தாள். நடுநடுவே என்னையே பார்த்தாள். பயத்தில் குடிக்கிறாள், ஓட்டும்போது வயிறு குலுங்கிச் சாகப்போகிறாள் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். கடைசி மடக்கையும் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

இருபது சுற்று. அந்த வெயிலில், அந்த வயிற்றோடு, நாலாவது இடத்தில் ஆரம்பித்து, பதினேழாவது சுற்றில் முதலிடத்துக்கு வந்தாள். கடைசி வரை யாருக்கும் விடவில்லை. கொடி விழுந்ததும் ஓனர் அழுதார். சித்தப்பா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நான் எடை மேடைக்கு ஓடினேன். அங்கே நடக்கப் போவது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். வண்டியை ஏற்றினார்கள். உதட்டை இறுக மூடிக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு எண்கள் ஏறி, தயங்கி, நின்றன. முந்நூறு கிராம் கூட. அதிகாரி கையெழுத்துப் போட்டார். அவள் இறங்கி நிதானமாக நடந்து டயர் அடுக்குக்குப் பின்னால் போனாள். போன வேகத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீராக வந்தது.

நான் ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, 'மறந்துட்டியாக்கா?' என்றாள். அப்போதுகூட ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்கான வார்த்தையை அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு ரோஷம் விடவில்லை. இல்லை என்றேன். தெரியும் என்றாள். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய், கேட்டிருந்தால் மாட்டியிருப்பேனே என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். அவள் கோபப்படவில்லை.

'நீயா மாட்டுவியான்னு பாத்துகினு இருந்தேன்க்கா' என்றாள். 'கடைசி மடக்கு வரைக்கும் பாத்தேன்.'

யாரிடமும் சொல்லவில்லை, இரண்டு பேருமே. அடுத்த மாதம் ஃபார்முலா காருக்கு ஆள் சேர்க்கும்போது, அக்காவுக்குப் படிப்பு கீது, அவளை இழுக்காதீங்க என்று, என்னையும் மெக்கானிக்காக அனுப்ப இருந்த ஓனரிடம் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் என் படிப்பு மேல் அவளுக்கு என்ன அக்கறை என்று மெச்சினார்கள். முதல் வருடம் மூன்று தடவை பரிசு மேடை ஏறினாள். அடுத்த வருடம் தொடரையே ஜெயித்தாள். அப்புறம் மலேசியா, அப்புறம் ஐரோப்பா. இப்போது அவள் காருக்கு ஆறு மெக்கானிக். எனக்கு ஜிஎஸ்டி ரோட்டில், ஊரப்பாக்கம் பக்கம் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பந்தயம் வந்தால் கூட வேலை செய்கிற பையன்கள் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு, உங்க தங்கச்சிக்கா, வாங்கக்கா என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்ப்பேன். யாராவது அவளைத் தாண்டினால் வாயால் ஐயோ என்பேன். உள்ளே ஒரு மூலையில் குளுகுளுவென்று இருக்கும். ஏழு வருடம் ஆகியும் அந்த மூலை அப்படியேதான் இருக்கிறது.

எல்லோரிடமும் ஆறு கிலோ கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உயரமாகப் பிறந்தது என் தப்பா, சமமாக இருந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று. ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். அன்றைக்கு ஸ்டாப்வாட்ச் சோதனை முடிந்த பிறகு, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஓனர் இன்னொரு காரியம் செய்தார். எனக்கும் அவளுக்கும் உள்ள எடை வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு மணல் மூட்டை கட்டி, அவள் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி ஐந்து சுற்று ஓட்டவிட்டார். அப்போதும் அவள் கால் வினாடி வேகம். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. ஓனர் மறந்திருப்பார். அவள் ஒரு தடவைகூட என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

போன மாதம் பத்து நாள் லீவில் வந்திருந்தாள். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாராட்டு விழா. கார் அனுப்புகிறோம் என்றார்களாம், வேண்டாம், பெரியப்பா வண்டியிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து நின்றாள். அவளுக்குப் பெரியப்பா என்றால் என் அப்பா. அவருடைய பழைய ஸ்கூட்டர் அது. பிரேக் தொளதொளவென்று இருக்கும். 'அக்கா, கொஞ்சம் டைட் பண்ணிக் குடேன்' என்றாள். அந்த எடை மேடை நாளுக்கு அப்புறம் அவள் என்னிடம் ஒரு வண்டியைக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

வாசலில் உட்கார்ந்து கழற்றினேன். கேபிளே நைந்து போயிருந்தது. கடைக்கு ஓடிப் புதுசு வாங்கி வந்தேன். டிரம்மைத் திறந்து துடைத்து, பிரேக் ஷூவைத் தேய்த்து, மாட்டி, நட்டை முடுக்கி, தெருக்கோடி வரை நானே ஓட்டிப் போய் நாலு தடவை பிடித்துப் பார்த்தேன். சர்வீஸ் சென்டரில் எந்த வண்டிக்கும் அப்படிச் செய்ததில்லை. அவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள், சாவியை வாங்கினாள், உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். மெக்கானிக் கையிலிருந்து வண்டியை வாங்குகிற எந்த டிரைவரும் நகர்வதற்கு முன்னால் ஒன்று செய்வார். மெக்கானிக்கை நம்புகிறவர் செய்ய மறந்துபோவதும் உண்டு. மறந்துபோவாள் என்று நான் துணியில் கையைத் துடைத்தபடி காத்துக்கொண்டு நின்றேன்.

வண்டியை ஒரு முழம் உருட்டி, இரண்டு கையாலும் பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் அமுக்கினாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்து, 'வர்றேன்க்கா' என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்று தடவை அமுக்கியிருப்பேன்.