பெயர் கேட்காமல் திறந்த காணொளி

பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் செய்யும் துடக்குக் கழிவுச் சடங்கு முடிந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. மத்தியானம் மகளை நித்திரையாக்கிவிட்டுக் கைபேசியை எடுத்தேன். எங்களுக்குக் குழந்தை வண்டியைப் பாதி விலைக்கு விற்ற அக்கா செய்தி அனுப்பியிருந்தார். "பிள்ளை வலு வடிவு." அதன் கீழே ஒரு இணைப்பு. அந்த அக்காவை நான் ஒரேயொரு முறைதான் கண்டிருக்கிறேன். அப்போது பிள்ளை என் வயிற்றில் இருந்தாள்.

இணைப்பை அழுத்தினேன். ஒரு கணம் ஏதோ நிறம் தெரிந்தது. உடனே வெள்ளைத் திரை வந்து மூடிக்கொண்டது. தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் செயலியை நிறுவு என்றது. மூடுவதற்கு எங்கும் வழியில்லை. இது எங்கே வந்தது என்று அக்காவிடம் எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை.

அந்தச் செயலி எங்கள் வீட்டில் இல்லை. பிள்ளையின் முகத்தை இணையத்தில் போடுவதில்லை என்று நானும் கணவரும் அவள் பிறக்கும் முன்பே முடிவு செய்திருந்தோம். நான் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை செய்தவள். நோயாளியின் பெயரை மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொல்லக் கூடாது என்று அங்கே முதல் நாளே பழக்கியிருந்தார்கள். அதனால்தான் இப்படிப் பயப்படுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருவதுண்டு.

நிறுவும் பொத்தான் வரை விரல் போனது. செயலி என் தொடர்பு எண்களைக் கேட்கும். கொடுத்தால் நான் வந்துவிட்டேன் என்று எல்லாருக்கும் அறிவிக்கும். இரவு வேலை முடித்து வந்த கணவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, நான் இன்னும் பார்க்காத ஒன்றைப் பற்றி என்ன சொல்வது?

வேறு வழி தேடினேன். உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நீட்சி ஒன்று இருந்தது. செயலியை நிறுவச் சொல்லி மறைத்து நிற்கும் திரையை அகற்றிவிட்டுப் பின்னால் உள்ள பக்கத்தைக் காட்டுமாம். சேர்க்கப் போனால் அதுவும் ஒன்று கேட்டது: நான் போகும் எல்லாத் தளங்களிலும் உள்ளதை வாசிக்கவும் மாற்றவும் அனுமதி. ஒரு கதவுக்குப் பயந்து இன்னொரு கதவைத் திறக்கிறேனா? வங்கிக் கணக்கு, பிள்ளைக்கான உதவிப் பணத்துக்கு ஜெர்மன் அரசிடம் போட்ட அன்ட்ராக் விண்ணப்பம் எல்லாம் நினைவுக்கு வந்தன. கடைசியில் அலுமாரியில் கிடந்த பழைய மடிக்கணினியை எடுத்தேன். அதில் எங்கள் கணக்கு எதுவும் இல்லை. நீட்சியை அதில் சேர்த்து இணைப்பைத் திறந்தேன்.

திரை விலகியது. என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணவரின் தமக்கை, எசன் நகரில் இருக்கும் மச்சாள், துடக்குக் கழிவன்று எடுத்த காணொளி அது. கண்படக் கூடாது என்று கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு வைத்து, பிள்ளையின் முழுப் பெயரையும் சொல்லிக் கொஞ்சுகிறார். எங்கள் வீட்டு யன்னல் பக்கம் திரும்பும்போது எதிரே உள்ள மருந்துக்கடையின் பெயர்ப் பலகை எழுத்தெழுத்தாகத் தெரிகிறது. பிறகு சிரித்தபடி சொல்கிறார்: "தம்பிக்கு நாளையிலயிருந்து இரவு வேலை. இனி இரவில தாயும் பிள்ளையும் தனியத்தான்."

கீழே இருந்த பார்வையாளர் எண்ணிக்கை, கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டினாலும் வராது. என்னை அதைவிடப் பயமுறுத்தியது வேறு. இதைப் பார்க்க நான் பெயர் கொடுக்கவில்லை. நான் பார்த்தது மச்சாளுக்குத் தெரியவும் தெரியாது. என்னைப் போல எத்தனை பேர்? எழுந்து போய் யன்னல் சீலையை இழுத்து மூடினேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் மூடினேன்.

மச்சாள் மூத்தவர். பிரசவத்துக்குப் பிறகு எனக்குச் சரக்குக் கறி சமைத்துக் கொண்டு ரயிலில் வந்தவர். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் அழைத்தேன். பிள்ளையைப் பற்றி விசாரித்தார், பாலைப் பற்றி விசாரித்தார். நான் காணொளியைச் சொன்னதும் குரல் மாறியது. சொந்தக்காரருக்காகத்தான் போட்டாராம்.

"உமக்கு அந்த ஆப் இல்லையெண்டு தம்பி சொன்னவர். பிறகு எப்பிடிப் பார்த்தனீர்?"

நீட்சியைப் பற்றி விளக்கினேன். விளக்க விளக்க நான்தான் களவு செய்ததைப் போல இருந்தது.

"அப்ப பூட்டின வீட்டுக்குள்ள பூந்து பாத்திருக்கிறீர். நல்ல படிப்புத்தான் படிச்சிருக்கிறீர்."

"பூட்டேல்லை மச்சாள். அதைத்தான் சொல்லுறன். திரை மட்டும்தான் தொங்குது. ஆரெண்டாலும் விலத்திப் போட்டுப் பார்க்கலாம். நாங்கள் தனிய இருக்கிறமெண்டும் அதில சொல்லியிருக்கிறியள்."

அவர் அழைப்பைத் துண்டித்தார். உறவு முறிந்துவிட்டதென்று நினைத்தேன். பெரிதுபடுத்திவிட்டேனா? கணவர் எழும்பியதும் எப்படிச் சொல்லப் போகிறேன்? சிறிது நேரம் கழித்து அதே இணைப்பைத் திறந்தேன். பக்கம் இல்லை என்று வந்தது. மச்சாள் அதை அழித்துவிட்டிருந்தார். ஆனால் அதற்கு முன் யாரேனும் எடுத்து வைத்திருந்தால் அதை எந்தப் பக்கத்தில் போய்த் தேடுவது?

மாலையில் மச்சாளே அழைத்தார். கோபத்தை எதிர்பார்த்துத்தான் எடுத்தேன். மிகத் தாழ்ந்த குரலில் பேசினார். பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடும் என்பதைப் போல.

"என்ர மகளும் அந்த ஆப்பில கனக்கப் போடுறவள். பதினாலு வயசு. என்னை உள்ளுக்கு விடமாட்டாள். கேட்டால் சிநேகிதப் பிள்ளையள் மட்டும்தான் பாக்கினமாம். உம்மட அந்தச் சாமானால ஒருக்காப் பாரும். வெளியால நிக்கிற ஒருத்தனுக்கு என்ன தெரியுமெண்டு பாரும்."

அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் பார்ப்பது சரியா என்று யோசித்தேன். பார்க்காமல் விடுவது சரியா என்றும் யோசித்தேன். இணைப்பு வந்தது. மடிக்கணினியைத் திறந்தேன். திரை விலகியது. அவளுடைய பள்ளிக்கூட வாசல், தினமும் ஏறும் ட்ராம் தரிப்பிடம், அவர்கள் வீட்டுப் பல்கனி. கீழே ஊர் பேர் தெரியாத ஆண்கள் போட்ட இதயக் குறிகள்.

"என்ன தெரியுது?" என்றார் மச்சாள்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.