ஆரஞ்சுப் பொத்தான்

செல்போனிலேயே பாட்டு வந்துவிட்ட காலம் அது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், ஒரு பெரியவர் பழைய வாக்மேனை மாட்டிக்கொண்டு மனைவியோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னுமா கேசட்டு?" என்று சிரித்தேன்.

அந்தம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "உள்ள பாட்டே இல்லீங்க, வெத்து கேசட்டு. இவருக்குக் காது மந்தம். கல்யாணமான புதுசுல சிங்கப்பூர்லேர்ந்து வாங்கியாந்தாரு. ரெண்டு பேரு சேந்து பாட்டு கேக்கறப்ப, நடுவுல பேசிக்கவும் அப்பவே மைக்கு வச்சிருக்கான் பாருங்க! இந்தப் பொத்தான அமுக்கிப் பேசுனா அவரு காதுல தெளிவா வுழும்."

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "எங்க போவணும்?" என்று பெரியவரிடம் கத்தினார். அந்தம்மாவோ ஆரஞ்சுப் பொத்தானை அழுத்தி, பெட்டியில் வாய்வைத்து மெல்ல ஏதோ சொன்னார். பெரியவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.