மூன்று அடிகள்

பணி ஓய்வுக்குப் பிறகு, ஜொகூர் நீரிணையில் படகில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதும் கேட்பதும் எனக்கு வேலையாயிற்று. அங்கே படகுத்துறைக்காக இரும்புத் தூண்களைக் கடலடியில் அடித்து இறக்கினார்கள். அந்தச் சத்தம் நீருக்குள் டால்பின்களின் காதைக் கெடுத்துவிடும். அதனால் அடிக்கு முன் முப்பது நிமிடம் எதுவும் தென்படக்கூடாது. தென்பட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. 'அடிக்கலாம்' என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது.

அன்று காலை ஐந்து டால்பின்கள் வந்தன. வளர்ந்த நான்கும் இளஞ்சிவப்பு, ஒன்று சாம்பல் நிறக் குட்டி. பதினாறு முறை மூச்சுவிட மேலே வந்தன. அவை கிழக்கே திரும்பிப் போனபோது நான்கைத்தான் எண்ணினேன். கலங்கல் நீரில் சாம்பல் நிறம் தெரியாது. இருந்தாலும் மனம் ஆறவில்லை.

அவை மறைந்த பத்தொன்பதாம் நிமிடத்தில் வாக்கி டாக்கியில் மண்டோர் கூப்பிட்டார். தூண் அடிப்பவர்களை மேய்க்கும் மூவார் ஊர்க்காரர்.

"ஐயா, தண்ணி வத்துது. இப்ப அடிக்கலன்னா இன்னிக்கு வேலை போச்சு."

"இன்னும் பதினொரு நிமிஷம். குட்டியும் கண்ணுல படல."

"குட்டியா? நேத்து தேங்காய் மிதந்ததுக்கே நிறுத்தினீங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணின ஆளு லா நீங்க. முப்பதுன்னு எழுதிட்டு விடுங்க."

வாக்கி டாக்கியில் அவருக்குப் பின்னால் மூன்று பேர் சிரித்தார்கள். தேங்காய் விஷயம் உண்மைதான். எனக்கு முகம் சுட்டது. குறிப்பேட்டில் முப்பது என்று எழுதினேன். "அடிக்கலாம்" என்றேன்.

நீருக்குள் இறக்கிய மைக்கிலிருந்து வரும் ஹெட்போனில் இறால்கள் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தன. முதல் அடி விழுந்தது. மெதுவான அடிதான்; ஆனாலும் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். இரண்டாவது. தூணிலிருந்து நாற்பது மீட்டர் தூரத்தில் சாம்பல் முதுகு ஒன்று மேலே வந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க."

மூன்றாவது அடி விழுந்த பிறகுதான் நின்றது.

குட்டி மூழ்கவில்லை. நீரின் மேலேயே வட்டமிட்டது. ஒருமுறை, இருமுறை, ஐந்து முறை. அதன்பின் மேற்கே போயிற்று. மற்ற நான்கும் போனது கிழக்கே.

நான் முப்பதை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினேன். கீழே, மூன்று அடிகள், குட்டி நாற்பது மீட்டரில் இருந்தது, அனுமதித்தது நான்.

"ஐயா, அதெல்லாம் எழுதாதீங்க. நிறுத்திட்டோம்ல" என்றார் மண்டோர், இந்த முறை கிண்டலில்லாமல்.

"எழுதிட்டேன்."

வெகுநேரம் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பவில்லை.